பச்சைப்புள்ளி வைத்த பதினேழு பாகங்கள்

ஜூலை மாதத்து ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறு நாற்பது. பாகங்கள் மொத்தம் பதினேழு. ஆசாமியின் பெயர் புள்ளி சார்.

பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அது சம்பளச் சீட்டில் மட்டும் உயிரோடு இருக்கிறது. பாட்டில் மூடி செய்யும் தொழிற்சாலையில் அவர் தலைமைத் தரப் பரிசோதகர். ஓடும் பட்டையில் ஆயிரம் மூடி போனால், அதில் நெளிந்த ஒன்றை எட்ட நின்றே விரல் நீட்டிக் காட்டுவார். பெட்டி தேறிவிட்டால் சட்டைப் பையிலிருந்து அழியாத பச்சை மைப் பேனாவை எடுத்து, மூலையில் ஒரு புள்ளி வைப்பார். இருபத்தாறு வருஷமாக வைக்கிறார்.

சிலருக்கு நகம் கடிக்கிற பழக்கம். இவருக்குப் புள்ளி வைக்கிற பழக்கம். கைக்கு எட்டிய பொருள் நன்றாக இருந்தால் போதும், கை தானாகப் போய் ஒரு புள்ளியை வைத்துவிட்டுத் திரும்பிவிடும். மனசுக்குத் தகவலே வராது. வீட்டில் முக்காலிக்கு அடியில் புள்ளி. இஸ்திரிப் பெட்டியின் பிடியில் புள்ளி. சுவர்க் கடிகாரத்தின் முதுகில் புள்ளி. கல்யாணப் படத்தின் பின்பக்கத்தில்கூட ஒன்று உண்டு. கேட்டால், "நானா? எப்போ?" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு உண்மையிலேயே தெரியாது.

கொட்டகையில் ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் நின்றது. அதற்கு வயது இருபத்தெட்டு, கதவு இரண்டு, இருக்கை இரண்டு. பதினோரு வருஷத்துக்கு முன்னால், கையில் இருந்ததையும் இல்லாததையும் போட்டு வாங்கியது. செய்த கம்பெனியே அந்த மாடலை மறந்துவிட்டது. இன்ஜின் பிரச்சினை இல்லை. எந்த மெக்கானிக்கும் எதையாவது செய்து மூச்சுக் கொடுத்துவிடுவார். தொல்லை எல்லாம் அலங்காரச் சாமான்களில்தான். பின்விளக்கைச் சுற்றிய வளையம், ஜன்னலோரக் குரோம் பட்டை, கதவுக் கைப்பிடியின் கிண்ணம், சக்கரத்தின் நடு மூடி, பக்கக் கண்ணாடியின் கூடு. இவை இல்லாவிட்டாலும் வண்டி ஓடும். ஆனால் பல் செட்டைக் கழற்றி வைத்த பணக்காரர் மாதிரி இருக்கும்.

பழங்கார் கிளப் ஒவ்வோர் அக்டோபர் கடைசி ஞாயிறும் கண்காட்சி நடத்துகிறது. அதில் 'அசல் வரிசை' என்று ஒரு பகுதி. பதினேழு அலங்காரப் பாகங்களும் கம்பெனி போட்டவையாக இருந்தால்தான் கயிற்றுக்கு உள்ளே இடம். பத்து வருஷமாக, ஒன்று இருந்தால் ஒன்று இல்லாமல், புள்ளி சார் கயிற்றுக்கு வெளியே நின்றார். இந்த வருஷம் பதினேழும் இருந்தன. ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, "இந்தத் தடவை கயிறு எனக்குப் பின்னாடி இருக்கும்" என்று சபதம் செய்தார்.

சபதத்தைக் கேட்க ஆள் ஒருத்திதான் இருந்தாள். மனைவி. அவள் மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். ஊரில் பாதிப் பேருக்குக் கண் தெரிவது அவள் கைத்திறன். பொடி ஸ்க்ரூ டிரைவரால் ஃப்ரேமிலிருந்து லென்ஸைக் கீறல் படாமல் கழற்றி, கீறல் படாமல் மாட்டுவாள். கடைக்குப் போக இரண்டு பஸ் மாற வேண்டும். புதன்கிழமை விடுமுறை.

"என்னங்க, நான் டிரைவிங் கத்துக்கலாம்னு பாக்கறேன்."

"எதுக்கு?"

"பஸ்ல நின்னு நின்னு காலு வீங்குது. எதிர் வீட்டு மாஸ்டரம்மா பத்தே வகுப்புல கத்துத் தர்றாங்களாம்."

"கத்துக்கிட்டு எதை ஓட்டுவே?"

அவள் சிவப்பு வண்டியைப் பார்த்தாள்.

"இதையா? இது வண்டி இல்லம்மா. குதிரை!"

"குதிரைக்கு எதுக்குங்க பெட்ரோல் போடறீங்க?"

"இந்த வாய்க்கு மட்டும் குறைச்சல் இல்ல. ரிவர்ஸ்னா என்னன்னு தெரியுமா உனக்கு? கழுத்துல கண்ணு வேணும். தள்ளி நில்லு, காட்டறேன்."

காட்டினார். ஆறு நாற்பதுக்கு நடந்தது அதுதான். கேட் தூண், கட்டிய நாளிலிருந்து எங்கே நின்றதோ அங்கேதான் நின்றது. இடது பக்கக் கண்ணாடியின் சிவப்புக் கூடு மட்டும் 'டப்'பென்று கிளம்பி எங்கோ பறந்தது.

புள்ளி சார் தெருவில் தவழ்ந்து தேடினார். மனைவி செடிகளின் பக்கம் போய்த் தேடினாள். கால் மணி நேரம் கழித்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

"என்னங்க..."

"பேசாதே! நீ பக்கத்துல நின்னு பேசினதாலதான் இடிச்சுது. டிரைவிங் கிரைவிங்னு இனிமே இந்த வீட்டுல பேச்சே கிடையாது. அதுக்குக் காசும் கிடையாது. முதல்ல எனக்குக் கூடு வேணும்."

"சரிங்க," என்று அவள் உள்ளே போனாள்.

அவ்வளவு சீக்கிரம் 'சரிங்க' வந்ததைப் பரிசோதகர் கவனித்திருக்க வேண்டும். மூடி என்றால் கவனித்திருப்பார்.

கூடு தேடும் படலம் தொடங்கியது. வெளிநாட்டில் ஒரு கடை புதுக் கூடு வைத்திருந்தது. அவர்கள் சொன்ன விலைக்கு வண்டியின் இடது பாதியையே வாங்கிவிடலாம். மலிவாக ஒரு போலிக் கூடு தபாலில் வந்தது. மாட்டிப் பார்த்தால், யானைக்கு முயல் காது வைத்த மாதிரி இருந்தது. கடைசியில், பழைய கார்ச் சாமான்களை வாங்கி விற்பவர்கள் கூடும் போன் குழு ஒன்றில் சேர்ந்தார். "இடது கூடு, அசல், கட்டுப்படியான விலையில்" என்று அறிவிப்புப் போட்டார். பதில் இல்லை.

அடுத்த புதன்கிழமை வேலை முடிந்து வந்து வண்டியைத் தடவிக் கொடுத்தவர், அலறினார்.

"ஏம்மா! பின்விளக்கு வளையம் எங்கே?"

"வண்டிக்குப் பின்னாடி பாருங்க."

"பின்னாடிதான் இல்ல!"

"வயசான வண்டி. ஒண்ணு விழுந்தா வரிசையா விழும். எங்க கடைக்கு வர்றவங்க பல்லைப் பாத்திருக்கேனே."

ஞாயிறுதோறும் வண்டி ஓட்டும் வழியெல்லாம் நடந்தார். தலையைக் குனிந்துகொண்டு மூன்று தெரு நடந்தவரை, எதிர் வீட்டு மாஸ்டரம்மா தன் டிரைவிங் ஸ்கூல் வாசலில் நின்று விசாரித்தாள். "என்ன சார் தொலைச்சீங்க? மோதிரமா?"

"வளையம்."

"அடடா. வீட்டுல தெரியுமா?"

மறுநாள் காலை போன் குழுவில் 'பழைய சரக்கு' என்ற பெயரில் ஒருவர் படம் போட்டார். பின்விளக்கு வளையம். அதே மாடல். அசல். புள்ளி சார் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். எழுதினார்.

"அண்ணே, விலை?"

'பழைய சரக்கு' ஒரு தொகையைச் சொன்னார்.

"கொஞ்சம் பாத்துச் செய்யுங்க அண்ணே."

"ஒரே விலை."

"எங்க வந்து வாங்கிக்கறது?"

"உங்க தெரு டிரைவிங் ஸ்கூல்ல வச்சிட்டுப் போறேன். தெரிஞ்சவங்க. பணத்தையும் அங்கேயே கட்டிடுங்க."

மாஸ்டரம்மா பொட்டலத்தைக் கொடுத்தாள், பணத்தை வாங்கினாள், ஒரு சீட்டு எழுதி நீட்டினாள். அவர் அதைப் படிக்காமல் மடித்துச் சட்டைப் பையில் போட்டார். அவள் தலைக்கு மேல் ஒரு பலகையில் கட்டண விவரம் பெரிய எழுத்தில் இருந்தது. அதையும் படிக்கவில்லை. அவர் கண் பொட்டலத்தில் இருந்தது.

வீட்டுக்கு வந்து வளையத்தைத் திருப்பினார். உள்பக்கத்தில், பொடியாக, ஒரு பச்சைப்புள்ளி.

"ஏம்மா, ஓடி வா! பாத்தியா? புள்ளி!"

அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தாள். "ஆமா. பச்சையா இருக்கு."

"கம்பெனிப் பரிசோதகர் வச்சது! இதுதான் அசலுக்கு அடையாளம். உலகம் முழுக்க எங்க முறைதான், பாரு."

"வச்ச ஆள் ரொம்ப நல்லவரா இருப்பார் போல."

"நல்லவரோ என்னவோ, கூர்மையான ஆள். புள்ளியோட அழுத்தத்தைப் பாத்தாலே தெரியுது. இந்த மாதிரி ஆளை எல்லாம் யாராலும் ஏமாத்த முடியாது."

"அது சரி," என்றாள் அவள்.

அடுத்த புதன் ஒரு சக்கர மூடி போனது. அதற்கடுத்த புதன் குரோம் பட்டை. புதன் ஆனால் ஒன்று கழலும். வியாழன் ஆனால் 'பழைய சரக்கு' படம் போடுவார். ஆயிரம் மூடியில் ஒன்றைக் கண்டுபிடிக்கிற மனிதர் இதைப் பற்றித் தீவிரமாக யோசித்து, வாரத்தின் நடுவில் காற்றில் ஈரம் அதிகம் என்ற முடிவுக்கு வந்தார்.

விலை மட்டும் மாறவே இல்லை.

"அண்ணே, வளையம் உள்ளங்கை அளவு. பட்டை ஒரு முழம். ரெண்டுக்கும் ஒரே விலையா?"

"எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

"நேர்மையான மனுஷன்," என்று மனைவியிடம் புகழ்ந்தார். "இந்தக் காலத்துல இப்படி ஒரு ஆளா!"

"நேர்ல பாத்திருக்கீங்களா?"

"இல்ல. ஆனா மனசுக்கு ரொம்ப நெருக்கம். நான் சொல்றதை எல்லாம் பொறுமையா கேட்டுக்கறார். வீட்டுல அப்படி யார் இருக்கா?"

உண்மைதான். 'பழைய சரக்கு'விடம் அவர் மனம்விட்டுப் பேச ஆரம்பித்திருந்தார். ஒரு நாள் தொழிற்சாலை இடைவேளையில் எழுதினார்: "என் வீட்டம்மாவுக்கு விலையைச் சொல்லாமதான் அண்ணே இதை எல்லாம் வாங்கறேன். சொன்னாலும் ஒண்ணும் புரியாது. அவளுக்குச் சக்கர மூடிக்கும் சாப்பாட்டுத் தட்டுக்கும் வித்தியாசம் தெரியாது."

"அப்படியா," என்று ஒரு வார்த்தை வந்தது.

அன்று சாயங்காலம் பசியோடு வந்து உட்கார்ந்தவர் முன்னால் பளபளவென்று ஒரு பாத்திர மூடியைக் கவிழ்த்து வைத்தாள் மனைவி.

"என்னம்மா இது? தட்டு எங்கே?"

"இது தட்டு இல்லையா? எனக்கு எங்கங்க வித்தியாசம் தெரியுது?"

"கண்ணாடிக் கடையில வேலை பாக்கறே. முதல்ல நீ ஒண்ணு வாங்கிப் போடு," என்றார் பரிசோதகர்.

ஆகஸ்டில் ஒரு புதன்கிழமை தொழிற்சாலையில் மின்சாரம் போய், மதியமே வீட்டுக்கு அனுப்பினார்கள். வருகிற வழியில், ஏற்றத்தின் நடுவில், தொழிற்சாலை பஸ்ஸுக்கு முன்னால் மாஸ்டரம்மாவின் பயிற்சி வண்டி உறுமி உறுமி நின்றது. ஓட்டும் இடத்தில் பெரிய கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு பெண். புள்ளி சார் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "ஏம்மா, தெரியலைன்னா இறங்கி நட! எங்களுக்கு வேலை இருக்குல்ல?" என்று குரல் கொடுத்தார். அவருக்கு அன்று வேலை இல்லை.

அன்று மனைவி வீடு வந்தபோது மணி ஐந்து. "கடைத்தெருவுக்குப் போயிருந்தேன்," என்றாள். அவர் ஏற்றத்தில் நடந்ததை நடித்தே காட்டினார்.

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, நான் போட்ட சத்தத்துல மறுபடி எடுத்தா."

"எடுத்துட்டாளா?"

"சும்மா சொல்லக் கூடாது, பின்னாடி ஒரு அங்குலம் உருளாம எடுத்தா. ஏத்தத்துல அது லேசுப்பட்ட வேலை இல்ல. யாரு பெத்த பொண்ணோ."

அன்று சாப்பாடு தட்டில் வந்தது. கேட்காமலே இரண்டாவது தடவையும் பரிமாறப்பட்டது.

செப்டம்பர் முடிவதற்குள் பத்து பாகங்கள் போய்ப் பத்தும் திரும்பி வந்துவிட்டன. பத்திலும் பச்சைப்புள்ளி இருந்தது. பெருமை தாங்கவில்லை. கிளப் செயலாளரிடம் போனார். அவர் ஓய்வு பெற்ற பல் டாக்டர். வண்டிகளைப் பல் பார்க்கும் குட்டிக் கண்ணாடி வைத்துத்தான் சோதிப்பார். புள்ளியின் வரலாற்றை அரை மணி நேரம் கேட்டுவிட்டு, "இத்தனை வருஷம் இது தெரியாமப் போச்சே சார்!" என்று உருகி, அந்த மாடலுக்கு ஒரு புது விதியே எழுதிவிட்டார்: உள்பக்கத்தில் பச்சைப்புள்ளி இல்லாத பாகம் அசல் அல்ல. அதே மாடல் வைத்திருந்த இன்னும் நான்கு பேர் அசல் வரிசையிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். அவர்களில் ஒருவர் உடற்பயிற்சிக் கூடம் நடத்துபவர். புள்ளி சாரைத் தேடி வீட்டுக்கே வந்து, கையைப் பிடித்து, "நான் இத்தனை நாள் போலியைப் போட்டுக்கிட்டு ஓட்டியிருக்கேனே சார்" என்று கண் கலங்கினார். அவர் பிடித்த கை புள்ளி சாருக்கு இரண்டு நாள் வலித்தது.

எல்லாம் சரி. கூடு இல்லை. இடது கண்ணாடி தோலுரித்த மாதிரி நின்றது. பதினாறு இருந்தும் பதினேழு இல்லை என்றால் மறுபடியும் கயிற்றுக்கு வெளியேதான். அதுவும் அவரே எழுத வைத்த விதியால் அவரே வெளியேற்றிய நான்கு பேர் பக்கத்தில்!

கண்காட்சிக்கு ஒரு வாரம் இருக்கும்போது எழுதினார்.

"அண்ணே, கூடு கிடைக்காதா? என்ன விலைன்னாலும் சரி."

பக்கத்து அறையில் மனைவியின் தையல் மெஷின் ஓடுவதை நிறுத்தியது. பிறகு பதில் வந்தது.

"இருக்கு. விலை வேண்டாம்."

"பின்னே?"

"வண்டியை ஓட்டணும்."

புள்ளி சார் எழுந்து நடந்தார். உட்கார்ந்தார். யாருக்கும் கொடுக்காத வண்டி. ஆனால் இவர் யாரோ அல்ல, நெருங்கின மனுஷன்.

"ஒரு தடவைதானே அண்ணே?"

"எப்பக் கேட்டாலும்."

"எப்பக் கேட்டாலுமா?"

"யோசிங்க. இன்னொருத்தரும் கேட்டிருக்கார். ஜிம் வச்சிருக்கார்."

யோசிக்கவில்லை. கேட்டபடி எழுதினார்: 'இதைக் கொண்டு வருபவர் எப்போது கேட்டாலும், காரணம் கேட்காமல், என் சிவப்பு வண்டியை ஓட்டத் தருவேன்.' கையெழுத்துப் போட்டார். படித்துப் பார்த்தார். பிழை இல்லை. கை தானாகப் போய் அடியில் ஒரு பச்சைப்புள்ளி வைத்தது. காகிதத்தை டிரைவிங் ஸ்கூலில் கொடுத்துவிட்டுக் கூட்டை வாங்கி வந்தார். உள்பக்கத்தில் புள்ளி இருந்தது. லேசாக மண்ணும் இருந்தது.

கண்காட்சியில் பல் டாக்டர் குட்டிக் கண்ணாடியை உள்ளே நுழைத்து நுழைத்துப் பதினேழு புள்ளிகளையும் எண்ணினார். கயிறு தூக்கப்பட்டது. புள்ளி சார் உள்ளே போய் நின்றார். அந்த மாடலில் அவர் ஒருவர்தான் உள்ளே. சான்றிதழோடு படம் எடுத்தார்கள். வெளியே நின்று மனைவியும் மாஸ்டரம்மாவும் கைதட்டினார்கள். மாஸ்டரம்மா ஏன் வந்திருக்கிறாள் என்று யோசித்தார். தன் புகழ் தெருவரை பரவிவிட்டதாக முடிவு செய்தார்.

அதற்கடுத்த ஞாயிறு பத்து மணிக்கு வருவதாக 'பழைய சரக்கு' தகவல் அனுப்பினார். புள்ளி சார் இஸ்திரி போட்ட சட்டையில், துடைத்த வண்டிக்குப் பக்கத்தில், வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றார். பத்தடித்தது. மனைவி வெளியே வந்தாள். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தாள். கதவைத் திறந்து ஓட்டும் இடத்தில் உட்கார்ந்தாள்.

"ஏய், இறங்கு. வர்றவர் ஓட்டப் போறார்."

"வந்தாச்சு."

"எங்கே?"

அவள் கைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினாள். கையெழுத்து அவருடையது. அடியில் பச்சைப்புள்ளி.

"இது... அவர்கிட்ட இல்ல இருக்கணும்?"

"அவர்கிட்டதாங்க இருக்கு."

புள்ளி சார் கறுப்புக் கண்ணாடியைப் பார்த்தார். ஏற்றம் ஞாபகம் வந்தது. பாத்திர மூடி ஞாபகம் வந்தது. புதன்கிழமைகள் வரிசையாக வந்து நின்றன.

"அப்ப வளையம்?"

"நம்ம வண்டியோடதுதான்."

"குரோம் பட்டை?"

"லென்ஸ் கழட்டறதைவிட சுலபம். ஒரு கீறல் விழுந்திருந்தா சொல்லுங்க."

விழவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

"கூடு?"

"செடித் தொட்டிக்குள்ள கிடந்துச்சு. அன்னைக்கே கொடுக்கத்தான் வந்தேன். நீங்கதான் பேசாதேன்னு சொன்னீங்க."

"அது இருக்கட்டும், புள்ளி? கம்பெனிப் புள்ளி?"

"பதினேழும் சேந்த வாரம் எல்லாத்தையும் கழட்டித் தொடைச்சு மாட்டினீங்களே. ஒவ்வொண்ணா புள்ளி வச்சுக்கிட்டே போனீங்க. நான்தான் பேனா மூடியைப் பிடிச்சிருந்தேன்."

"நானா?" என்றார் புள்ளி சார். "எப்போ?"

அவள் கைப்பையிலிருந்து இன்னொரு கத்தையை எடுத்தாள். சட்டை துவைக்கும்போது பையிலிருந்து எடுத்து வைத்த சீட்டுகள். மொத்தம் பத்து. அவர் முதல் தடவையாகப் படித்தார். 'பயிற்சிக் கட்டணம், வகுப்பு ஒன்று.' 'வகுப்பு இரண்டு.' வரிசை தப்பாமல் பத்துவரை. ஒவ்வொன்றிலும் 'கட்டியவர்: கணவர்' என்று மாஸ்டரம்மா முத்து முத்தாக எழுதியிருந்தாள்.

"இது மோசடி! நான் விடமாட்டேன். நாலு பேர்கிட்ட சொல்லத்தான் போறேன்!"

"சொல்லுங்க. நீங்க வெளியே அனுப்பின நாலு பேர் இருக்காங்களே கிளப்புல. நானே வேணாலும் ஜிம்காரருக்குப் போன் போட்டு, அந்தப் புள்ளியை யாரு வச்சதுன்னு சொல்லிடறேன்."

புள்ளி சாரின் வலது கை தானாக வலித்தது.

"வேண்டாம்," என்றார்.

"அப்ப சாவி?"

சாவியைக் கொடுத்தார். வண்டி பின்னால் நகர்ந்தது. கேட் தூணுக்கும் இடது கூட்டுக்கும் நடுவே ஒரு கை அகலம் இடைவெளி இருந்தது. கடைசிவரை அது அப்படியே இருந்தது. தெருவில் திரும்பி, கியர் மாற்றி, சத்தமில்லாமல் போனது. பரிசோதகர் எவ்வளவோ பார்த்தார். குறை ஒன்றும் தென்படவில்லை. பேனாவை எடுத்திருந்ததைக் கவனித்து, திரும்பப் பையில் வைத்தார்.

நவம்பர் பதினெட்டாம் தேதி, செவ்வாய்க்கிழமை, அவர் மனைவி ஓட்டுநர் தேர்வில் முதல் தடவையிலேயே தேறினாள். தேர்வுக்குக் கொண்டுபோனது சிவப்பு வண்டி, போகும்போது பக்கத்து இருக்கையில் புள்ளி சார். திரும்பும்போது மாஸ்டரம்மாவையும் ஏற்றிக்கொண்டாள். இருக்கை இரண்டுதான். புள்ளி சார் இரண்டு பஸ் மாறி வீடு வந்து சேர்ந்தார்.